சம்மனின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான். 2019-இல் திண்டுக்கல் பக்கத்துச் சொந்த ஊரில் ஒரு பைனான்ஸ்காரரிடம் 60,000 ரூபாய்க்கு ப்ரோநோட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் 35,000 வரை கட்டிவிட்டார். 2020 கடைசியில் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கம்பெனியில் எச்.ஆர். கூப்பிட்டு, "உங்க சம்பளத்துல பிடிக்கச் சொல்லி கோர்ட்ல இருந்து வந்திருக்கு" என்று ஒரு தாளைக் காட்டினாராம். விசாரித்தால் 2021-இல் வழக்கு, 2022-இல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது இவர் ஆஜராகாததால் ஒருதலையாகக் கொடுத்த தீர்ப்பு. "எனக்கு சம்மனே வரலை. பழைய வீட்டுக் கதவுல ஒட்டினதா சொல்றாங்க. இந்தத் தீர்ப்பு செல்லுமா? கேஸ் அடிபட்டுப் போயிடுமா?" என்று கேட்கிறார்.

செல்லுமா என்றால், இப்போதைக்குச் செல்லும். சம்மன் ஒழுங்காகச் சார்பு ஆகாமல் (முறைப்படி உங்களிடம் சேர்ப்பிக்கப்படாமல்) வாங்கிய டிக்ரியும் ரத்தாகும்வரை டிக்ரிதான். "எனக்குத் தெரியாம வந்தது, நான் ஏன் மதிக்கணும்" என்று இருந்துவிட்டால் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் விழும். அடிபட்டுப் போகுமா என்றால், போகாது. டிக்ரி ரத்தானால் வழக்கு மறுபடி உயிர்பெறும். நீங்கள் எதிருரை போடலாம், கட்டிய பணத்துக்குக் கணக்குக் காட்டலாம், பைனான்ஸ்காரரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். கடன் கடனாகவே இருக்கும். "நோட்டு காலாவதி ஆயிடுச்சே" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். நோட்டு எழுதி 3 வருஷத்துக்குள் அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். சம்மன் சார்பில் கோளாறு என்பதால் அந்தத் தேதி மாறாது.

இனி நாள் கணக்கு. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கு 1963-ஆம் வருஷத்து லிமிடேஷன் சட்டம் 30 நாள்தான் தருகிறது. சாதாரணமாக டிக்ரி தேதியிலிருந்து எண்ணுவார்கள். சம்மன் முறையாகச் சார்பு ஆகவில்லை என்றால் மட்டும், டிக்ரி வந்தது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எச்.ஆர். தாளைக் காட்டிய நாள்தான் உங்களுக்கு அந்த நாள். பன்னிரண்டு போய்விட்டது, மிச்சம் பதினெட்டு. டிக்ரி நகல் வாங்க ஆகும் நாளைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சலுகை அப்பீல் போன்றவற்றுக்கு உண்டு, இந்த மனுவுக்குக் கிடையாது. 30 நாள் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு போட வேண்டிவரும். அதற்கு ஒரு எதிர்ப்பு, அதற்கு ஒரு விசாரணை என்று ஆறேழு மாதம் அதிலேயே ஓடும்.

அதனால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். எச்.ஆரிடம் அந்தக் கோர்ட் உத்தரவின் ஜெராக்ஸ் வாங்கி, கம்பெனிக்கு வந்த தேதி முத்திரையோடு, "இன்ன தேதியில் ஊழியரிடம் காட்டினோம்" என்று ஒரு வரி எழுதி கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு கட்டாயம் "இவருக்கு 2022-லேயே தெரியும், நானே போனில் சொன்னேன்" என்று எழுதும். அதை மறுக்க உங்கள் வாய்வார்த்தையைவிட அந்த ஒரு வரி கனம்.

எந்தக் கோர்ட்டில் போடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். திருப்பூரில் உத்தரவு வந்ததால் திருப்பூரிலேயே போடலாம் என்று தோன்றும். டிக்ரி கொடுத்தது உங்கள் ஊர்ப்பக்கத்து முன்சீப் கோர்ட்; திருப்பூருக்கு அது நிறைவேற்றுவதற்காக மாற்றலாகி வந்திருக்கும். நிறைவேற்றும் கோர்ட் டிக்ரிக்குப் பின்னால் போய், சரியா தப்பா என்று பார்க்க முடியாது. ரத்து மனு டிக்ரி கொடுத்த கோர்ட்டில்தான். ஆனால் அங்கே போய்த் தடை உத்தரவு வாங்க அவகாசம் வேண்டும், அதுவரை நிறுத்திவையுங்கள் என்று திருப்பூர் கோர்ட்டில் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 21, ரூல் 26 இதற்கென்றே இருக்கிறது. ஜாமீன் கேட்பார்கள், ஏதாவது கண்டிஷன் போடுவார்கள். இரண்டு ஊரிலும் இரண்டு மனு, இரண்டு செலவு. வேறு வழியில்லை. ரத்து மனு போட்டதாலேயே சம்பளப் பிடித்தம் நின்றுவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடை தனியாகக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் வழி. வழக்கு நிற்பதும் விழுவதும் வேறு ஓர் இடத்தில். நான் இருபது வருஷத்துக்கு மேலாக முன்சீப் கோர்ட்டுகளில் சிவில் பக்கம் நிற்கிறேன், வாதிக்கும் போயிருக்கிறேன், பிரதிவாதிக்கும் போயிருக்கிறேன். சம்மன் வரவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "கட்டைப் பார்த்தீர்களா?" என்றுதான். கேஸ் கட்டுக்குள் திரும்பி வந்த சம்மன் ஒன்று இருக்கும். அதன் முன்பக்கம் அச்சடித்த படிவம், யாருக்கும் பயனில்லை. பின்பக்கத்தில் அமீனா கையால் நாலு வரி எழுதியிருப்பார். (சம்மன் கொண்டுபோகிறவரும் ஜப்திக்கு வருகிறவரும் வேறு வேறு பதவி, ஊர்ப்பக்கம் இரண்டு பேருமே அமீனாதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.) அந்த நாலு வரிதான் உங்கள் வழக்கு.

பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மேற்படி விலாசத்தில் நேரில் சென்று பார்க்க, பிரதிவாதி வீட்டில் இல்லை, கதவு பூட்டியிருந்தது. எனவே சம்மன் நகலை வெளிக்கதவில் ஒட்டி சார்பு செய்தேன்." கீழே ஒரு கையெழுத்து, ஒரு தேதி. படித்தால் ஒழுங்காகத்தான் தெரியும். இதைச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள்.

1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 5, ரூல் 17 என்ன சொல்கிறது? முடிந்த முயற்சி எல்லாம் செய்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை, நியாயமான காலத்துக்குள் வீட்டுக்கு வருவார் என்ற வாய்ப்பும் இல்லை, அவர் சார்பில் வாங்கிக்கொள்ள வேறு ஆளும் இல்லை என்றால்தான் ஒட்டலாம். ஒட்டுகிற வீடு, அவர் சாதாரணமாகக் குடியிருக்கும் வீடாகவோ தொழில் செய்யும், வேலை பார்க்கும் இடமாகவோ இருக்க வேண்டும். ஒட்டிவிட்டு வந்து எழுதும் அறிக்கையில், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதைப் பெயர், விலாசத்தோடு எழுத வேண்டும். அப்புறம் ரூல் 19: அந்த அறிக்கைக்கு அமீனாவின் பிரமாணப் பத்திரம் இல்லாவிட்டால் நீதிபதி அவரைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தே ஆக வேண்டும். விசாரித்து, சார்பு ஆனது என்று அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த நாலு வரிக்கு வாருங்கள். எத்தனை தடவை போனார்? ஒரு தடவை, அதுவும் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு என்றால் அது முயற்சியே ஆகாது. பூட்டிய கதவு என்றால் ஆள் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். அக்கம்பக்கத்தில் விசாரித்தாரா? விசாரித்திருந்தால் "அவங்க திருப்பூருக்குப் போயிட்டாங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்களே. சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா? தலையாரியோ பக்கத்து வீட்டுக்காரரோ போட்டிருக்கலாம். அடையாளம் காட்டியவர் பெயர் என்று ஒன்று இருந்து, அது பைனான்ஸ்காரரின் வசூல் பையன் பெயராக இருந்தால், அது உங்களுக்குக் கிடைத்த பரிசு.

ஒரு வழக்கில் அமீனாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். கதவில் ஒட்டியதாக எழுதியிருந்தார். "வீடு எந்தப் பக்கம் பார்த்தது?" என்றேன். "கிழக்கு." "கதவு?" "மரக் கதவுங்க, பச்சைப் பெயிண்ட்." அந்த வீட்டை இடித்துக் கட்டி இரண்டு வருஷமாகியிருந்தது. கீழே செல்போன் கடை, இரும்பு ஷட்டர். மாடிக்குப் பக்கவாட்டில் படி, படியின் அடியில் கிரில் கேட். போட்டோவைக் காட்டியதும் அவர் ஒன்றும் பேசவில்லை. டிக்ரி ரத்தானது. ஜெயித்த சந்தோஷம் எனக்கு அன்று அவ்வளவாக இல்லை. ரிட்டையராக ஒரு வருஷம் இருந்த மனிதர். மூன்று பிர்கா, கையில் எப்போதும் முப்பது நாற்பது சம்மன், போக ஒரு டவுன் பஸ். வாதியின் ஆள் டீக்கடையில் உட்காரவைத்து, "அவன் வீடு பூட்டித்தான்யா கிடக்கு, ஒட்டினதா எழுதிடுங்க" என்று சொன்னால் எழுதிவிடுவார். பழைய வீடு எப்படியிருக்கும் என்று ஒருகாலத்தில் பார்த்த ஞாபகத்தில் பச்சைக் கதவு என்று சொல்லியிருக்கிறார்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதற்கு 'சூவர் சர்வீஸ்' என்றே பெயர்: சம்மனைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சத்தியம் செய்வது. 2009-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல், கடன் வசூல் வழக்குகளில் இப்படி வந்த சுமார் ஒரு லட்சம் தீர்ப்புகளை ரத்து செய்யக் கோரி வழக்கே போட்டார். சின்னக் கடன்களில்தான் இது அதிகம் நடக்கும். தொகை சின்னது, வழக்குகள் ஏராளம், எதிர்த்தரப்பு வராவிட்டால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சரி, ஒட்டியதாக இல்லாமல் வேறு மாதிரி எழுதியிருந்தால்? "வீட்டிலிருந்தவரிடம் கொடுத்தேன்" என்று இருக்கலாம். ரூல் 15-இன்படி, ஆள் வீட்டில் இல்லாதபோது, அவரோடு கூடவே குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தினர் ஆணோ பெண்ணோ வாங்கலாம். வேலைக்காரர் குடும்பத்தினர் ஆக மாட்டார் என்று சட்டமே விளக்கம் போட்டிருக்கிறது. வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, பதினாறு வயசுப் பையன் யாரும் செல்லாது. உங்கள் விஷயத்தில் சிக்கல் எங்கே வரும் என்றால், பழைய வீட்டில் உங்கள் அப்பாவோ அண்ணனோ இன்னும் இருந்து, அவர்கள் வாங்கியிருந்தால். அப்போதும் "கூடவே குடியிருக்கும்" என்ற சொல் உங்களுக்கு உதவும். நீங்கள் அந்த வருஷம் திருப்பூரில் இருந்தீர்கள் என்று காட்டிவிட்டால் அண்ணன் வாங்கியது உங்களுக்குக் கொடுத்தது ஆகாது. ஆனால் அண்ணன் அன்று சாயங்காலமே போன் போட்டுச் சொன்னாரா இல்லையா என்பதை உங்கள் வக்கீலிடமாவது உண்மையாகச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

தபால் கவர்களையும் விடாதீர்கள். கோர்ட் வழி சம்மனோடு ஆர்.பி.ஏ.டி. தபாலிலும் (ஒப்புகை அட்டையோடு போகும் பதிவுத் தபால்) அனுப்பியிருப்பார்கள். திரும்பி வந்த கவரின் மேல் போஸ்ட்மேன் எழுதியது என்ன என்று பாருங்கள். "ரெஃப்யூஸ்டு" என்றிருந்தால் கோர்ட் அதைச் சார்பு ஆனதாகவே எடுத்துக்கொள்ளும். அதை உடைக்க, அந்த நாளில் அந்த விலாசத்தில் நீங்கள் இல்லவே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். "டோர் லாக்டு", "இன்டிமேஷன் கொடுத்தும் வாங்கவில்லை" என்பதெல்லாம் நடுவாந்தரம், வாதம் செய்யலாம். "லெஃப்ட்" என்று எழுதியிருந்தால் அந்தக் கவரை லாமினேட் பண்ணி வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று தபால்துறையே எழுதிக் கொடுத்திருக்கிறது.

வழக்குப் போடும் முன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் என்று ஒன்று இருக்குமே, அதன் திரும்பி வந்த கவரும் வாதியின் ஆவணங்களிலேயே இருக்கும். அதில் "லெஃப்ட்" இருந்துவிட்டால், நீங்கள் அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே அதே விலாசத்தைப் பிராதில் (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) எழுதியிருக்கிறார் என்றாகிறது. வாதியே கோர்ட்டில் கொண்டுவந்து போட்ட ஆவணம், அவரால் அதை மறுக்க முடியாது. இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சம்பள ஜப்திக்குக் கம்பெனி பெயர், விலாசம், எச்.ஆர். வரைக்கும் தெரிந்த மனிதருக்குச் சம்மன் அனுப்ப மட்டும் விலாசம் தெரியவில்லையா? அதே சமயம், நோட்டில் இருந்த விலாசத்தைப் பிராதில் எழுதியதாலேயே மோசடி என்று நீங்கள் குதிக்கவும் கூடாது. விலாசம் மாறியதை நீங்கள் அவரிடம் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்பார்.

பேப்பரில் விளம்பரம் கொடுத்து, கோர்ட் போர்டிலும் கதவிலும் ஒட்டிச் சார்பு செய்யும் முறை ரூல் 20. ஆள் வேண்டுமென்றே ஒளிகிறார் என்றோ, வேறு எந்த வழியிலும் சார்பு செய்ய முடியவில்லை என்றோ நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் இதற்கு உத்தரவு. நடைமுறையில் இரண்டு வாய்தா "பூட்டியிருந்தது" என்று வந்தாலே மனுப் போட்டு வாங்கிவிடுகிறார்கள். அப்படி விளம்பரம் போட்டிருந்தாலும் மனம் தளர வேண்டாம். 30 நாள் கணக்குக்கு மட்டும், ரூல் 20-இன்படி செய்த மாற்றுச் சார்பு முறையான சார்பாகக் கருதப்படாது என்று லிமிடேஷன் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. உங்கள் கெடு அப்போதும் தெரியவந்த நாளிலிருந்துதான். இந்த விளக்கத்தை மனுவில் எழுதாமல் தேவையில்லாத தாமத மன்னிப்பு மனுப் போடும் வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வழக்கு 2021 என்பதால் வாட்ஸ்அப், இமெயில் வழி அனுப்பியதாகவும் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கோவிட் காலத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றம் அதற்கும் அனுமதி கொடுத்திருந்தது.

இனி அண்ணன் போன் விஷயம். டிக்ரியை ரத்து செய்யும் விதி ஆர்டர் 9, ரூல் 13. அதற்கு 1976 திருத்தத்தில் ஒரு கொக்கி போட்டார்கள்: சார்பில் ஏதோ முறைகேடு இருக்கிறது என்பதற்காக மட்டும் டிக்ரியை ரத்து செய்யக்கூடாது, வழக்கு விசாரணைத் தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய நேரமும் இருந்தது என்றால் மனு தள்ளுபடிதான். அதாவது சாட்சிக் கையெழுத்து இல்லை, ஒரு பக்கம் குறைகிறது என்று காகிதத்தில் ஓட்டை தேடினால் மட்டும் போதாது. தெரியவில்லை என்பது உண்மையாக இருக்க வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம். 2002-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: வழக்கு ஒன்று நடக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு, விசாரணைத் தேதி தெரிந்திருப்பது வேறு, இந்தக் கொக்கிக்குத் தேவை இரண்டாவது. பைனான்ஸ்காரர் போனில் "உன் மேல கேஸ் போட்டிருக்கேன்டா" என்று கத்தியது மட்டும் உங்களைக் கட்டாது. ஆனால் அண்ணன் சம்மனைப் படமெடுத்து அனுப்பியிருந்தால் அதில் தேதி இருக்கும். அது கட்டும்.

ஆகவே மனுவில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ரூல் 13-இல் இரண்டு காரணம் உண்டு: சம்மன் முறையாகச் சார்பு ஆகவில்லை என்பது ஒன்று, வந்தும் தக்க காரணத்தால் ஆஜராக முடியவில்லை என்பது இன்னொன்று. ஜூனியராக இருந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே பிரமாணப் பத்திரத்தில் எழுதினேன். மூன்றாவது பாராவில் சம்மனே வரவில்லை. ஐந்தாவது பாராவில் அன்றைய தேதியில் மஞ்சள் காமாலை. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு பாராவையும் அடுத்தடுத்து வாசித்தார், வேறு எதுவும் பேசவில்லை. "சம்மன் வரலைன்னா அன்னைக்கு வாய்தான்னு எப்படித் தெரியும்?" என்று நீதிபதி கேட்டார். தள்ளுபடி. மேல்முறையீட்டில்தான் அதைச் சரிசெய்தோம், கட்சிக்காரருக்கு ஒரு வருஷம் வீண்.

நீங்கள் திருப்பூரில்தான் இருந்தீர்கள் என்பதற்கு 2021, 2022 காலத்துக் காகிதங்களைத் திரட்டுங்கள். வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, சமையல் கேஸ் புத்தகம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவு, சம்பளச் சீட்டு. பலருக்குத் தோன்றாத ஒன்று கோவிட் தடுப்பூசிச் சான்றிதழ்: எந்தத் தேதியில் எந்த இடத்தில் ஊசி போட்டீர்கள் என்று அதில் அச்சாகியிருக்கும். ஒட்டியதாகச் சொல்லும் மாதத்தில் திருப்பூர் மாவட்டத்தில் ஊசி போட்டிருந்தால் ஒரு சாட்சி கூடுதல். ஆதாரும் வாக்காளர் அட்டையும் இன்னும் பழைய விலாசத்திலேயே இருந்தால் அதை எதிர்த்தரப்பு காட்டும். மறைக்காமல், இன்னும் மாற்றவில்லை என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

பிராது, டிக்ரி, திரும்பி வந்த சம்மன், அமீனா பிரமாணப் பத்திரம் இருந்தால் அது, தபால் கவர்கள், வாய்தா வாரியாக நீதிபதி எழுதிய குறிப்புகள் எல்லாவற்றுக்கும் நகல் மனுப் போடச் சொல்லுங்கள். நகல் வரத் தாமதமானால் வக்கீல் கட்டைப் பார்வையிட மனுப் போட்டு, படித்துக் குறிப்பெடுத்துவிட்டு மனுவைத் தாக்கல் செய்துவிடலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு எண்ணும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும், எந்த வாய்தாவில் எக்ஸ்பார்ட்டி வைத்தார்கள் என்பதும் வந்துவிடும். காசு கிடையாது.

அந்த வழக்கு எண்ணில் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். ஓ.எஸ். என்றிருந்தால் சாதாரண வழக்கு. எஸ்.சி. என்றிருந்தால் ஸ்மால் காஸ் (சின்னத் தொகை) வழக்கு, அதற்கு 1887-ஆம் வருஷத்துச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவின்படி, ரத்து மனுப் போடும்போதே டிக்ரித் தொகை முழுவதையும் கோர்ட்டில் கட்ட வேண்டும். இல்லையென்றால் அதற்கு முன்னாலேயே மனுப் போட்டு, கோர்ட் சொல்லும் ஜாமீன் கொடுக்க வேண்டும். கட்டாயம். சம்மன் எவ்வளவு மோசமாகச் சார்பு ஆகியிருந்தாலும் இதைச் செய்யாத மனு நிற்காது. சின்னக் கடன்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஓ.எஸ். வழக்காக இருந்தாலும் கண்டிஷன் போட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. செலவுத் தொகை கட்டு, டிக்ரியில் ஒரு பங்கை டெபாசிட் செய் என்று சொல்லி ஒரு தேதி கொடுப்பார். அந்தத் தேதி தவறினால் ஜெயித்த மனு தோற்ற மனுவாகிவிடும்.

ரத்து மனுவை விட்டுவிட்டு நேராக டிக்ரி மீது அப்பீல் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். போகலாம். ஆனால் அந்த அப்பீல் தோற்றால் ரத்து மனுவின் கதவும் சாத்தப்படும். சம்மன்தான் உங்கள் பிரச்சினை என்றால் ரத்து மனுவே நேர்வழி. அது தள்ளுபடியானால் அந்த உத்தரவு மீது மேல்முறையீடு இருக்கிறது.

சம்பள விஷயத்தில் பயம் தெளிய ஒரு கணக்கு. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 16,000 சம்பளம் என்றால் 15,000-இல் மூன்றில் ஒரு பங்கு, 5,000 வரைதான் பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதற்கு மேல் அந்த டிக்ரிக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. உங்கள் லைனில் தைக்கும் தொழிலாளர்களின் கூலியோ ஜப்திக்கே வராது. கூலித் தொழிலாளியின் ஊதியத்தைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு முழுக்க விலக்கியிருக்கிறது. சூப்பர்வைசருக்கு அது பொருந்துமா என்பது நீங்கள் உண்மையில் செய்யும் வேலையைப் பொறுத்தது, வக்கீலிடம் கேளுங்கள். இன்னொன்று, டிக்ரி தேதிக்கு 2 வருஷத்துக்குப் பிறகு நிறைவேற்று மனுப் போட்டிருந்தால் முதலில் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் எங்கே போனது? அதே பூட்டிய கதவுக்குத்தான் என்றால் திருப்பூர் கோர்ட்டில் சொல்ல உங்களுக்கு இன்னொரு விஷயம் கிடைத்தது.

பணம் கொடுத்துவிட்டு வசூல் ஆகாமல் வழக்குப் போடுகிறவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது: ஆள் இருக்கும் விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுங்கள். கோர்ட்டில் கேட்டுச் சம்மனை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவும் வழி இருக்கிறது. பழைய விலாசத்தில் ஒட்டி ஆறு மாதத்தில் வாங்கிய டிக்ரி, நாலு வருஷம் கழித்து ரத்தாகி முதல் படியில் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ரத்தான பிறகு என்ன? எதிருரையை இப்போதே தயார் செய்து மனுவோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். உண்மையாகவே வழக்காட வந்தவர் என்று நீதிபதிக்கு ஒரு நம்பிக்கை வரும். நோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதான் என்றால் பணம் வாங்கவில்லை என்று எழுதாதீர்கள். கட்டிய 35,000-க்கு ஜிபே விவரம், ரசீது, வசூல் கார்டு எது இருக்கிறதோ எடுங்கள். அதை அவர் நோட்டின் பின்னால் வரவு எழுதாமல் முழுத் தொகைக்கு வழக்குப் போட்டிருந்தால் உங்கள் பலம் அங்கேதான். அந்த நிலையில் பெரும்பாலும் லோக் அதாலத்தில் பேசி, அசல் மீதியும் நியாயமான வட்டியுமாகத் தவணைக்கு முடிந்துவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு; மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள்.

கட்டைப் பார்த்ததும் அந்தச் சம்மனின் பின்பக்கத்தில் இருக்கும் நாலு வரியை ஓர் எழுத்து விடாமல் எழுதிவந்து இங்கே போடுங்கள். முக்கியமாக, வீட்டை அடையாளம் காட்டியவர் யார் என்ற இடத்தில் என்ன இருக்கிறது? யாருடைய பெயரையும் இங்கே போட வேண்டாம். வாதியின் ஆளா, ஊர்க்காரரா, ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறதா என்று சொன்னால் போதும். மேற்கொண்டு என்ன எழுதுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.